பக்கத்து மனையில் செடி... உங்கள் கழுத்தில் அரிப்பு!

வாசலைப் பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டு, வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கிறீர்கள். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்? யாரோ வாங்கிப் போட்ட காலி மனை. சொந்தக்காரர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு. அவர் எல்லைக் கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். இல்லையென்றால் அது பாளையங்கால்வாய்க் கரையாகவோ, ஏதாவது குடியிருப்பின் பின்புறமாகவோ இருக்கும். ஐப்பசி மழை விட்டதும் இடுப்பு உயரத்துக்குச் செடி மண்டிவிடும்.

"அடுத்தவர் இடம், நமக்கென்ன வந்தது?" என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் செடி உங்கள் உடம்புக்கே வரும்.

பாளையங்கோட்டையில் என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்வது இதுதான்: "டாக்டர், முகம் கழுத்தெல்லாம் ஒரே அரிப்பு. கத்தரிக்காயை நிறுத்திட்டேன், கருவாட்டை நிறுத்திட்டேன், சோப்பையும் மாத்திட்டேன். குறைய மாட்டேங்குது!" நான் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி: "உங்க வீட்டைச் சுத்தி என்ன செடி முளைச்சிருக்கு?"

கேரட் இலை மாதிரி இலை, வெள்ளை வெள்ளையாகச் சிறு பூ. அதுதான் பார்த்தீனியம். பொதிகை மலையில் அகத்தியர் அறிந்த மூலிகைகளைப் பற்றி நம் ஊரில் பெருமையாகப் பேசுவோம். ஆனால் சித்தர் பாடல் எதிலும் இந்தச் செடிக்கு இடமில்லை. இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் நாட்டில் 1950-களின் நடுவில் புணே பக்கம் கவனத்துக்கு வந்தது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். காற்று, கால்வாய்த் தண்ணீர், மனையை மேடாக்கக் கொட்டும் லாரி மண் எல்லாமே அதற்கு வாகனம். சுவர் ஒரு தடையே இல்லை!

உடம்பில் எப்படித் தெரியும்?

இந்தச் செடியில் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தண்டிலும் இலையிலும் உள்ள மெல்லிய ரோமங்களில் அது தங்கியிருக்கும். முதல் நாளே அரிக்காது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பட்டுப் பட்டு, உடம்பு அதை எதிரியாக முடிவு கட்டிவிடும். அதன்பிறகு செடியைத் தொடக்கூட வேண்டாம். காய்ந்த தூள் காற்றில் வந்து பட்டாலே போதும்.

கண் இமை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு... இப்படி ஆடை மூடாத இடங்களிலும் மடிப்புகளிலும்தான் முதலில் வரும். தோல் தடித்து, கறுத்து, நீர் கசியும். வெயிலில் போனால் கூடும். வெளியூர் போய்ப் பத்து நாள் இருந்தால் குறையும். வீட்டுக்கு வந்தால் மறுபடி தொடங்கும். இந்த நடைமுறை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சிலருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வரும்.

சித்த மருத்துவத்தில் இதைக் கரப்பான் வகையில் வைத்துப் பார்த்து, உள்ளுக்கும் மேலுக்கும் மருந்து கொடுக்கிறோம். குறையும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே செடி பூத்துக்கொண்டிருந்தால் எந்த வைத்தியம் பார்த்தாலும் திரும்பத்தான் வரும். சந்தேகம் தீர, தோல் மருத்துவரிடம் 'பேட்ச் டெஸ்ட்' செய்துகொள்ளலாம். மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. இன்னொன்று: சாமந்தி, சூரியகாந்தி, நம் கரிசலாங்கண்ணி எல்லாம் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே கரிசாலை அரைத்துப் பூசுவதற்கு முன்னால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

புதருக்குள் இருக்கும் காய்ச்சல்

அரிப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. புதரில் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிகளும் இருக்கும். அவற்றின் குஞ்சுகள் கடித்தால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற உண்ணிக் காய்ச்சல் வரலாம். கடித்துப் பத்து நாள் வாக்கில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்புக்குக் கீழோ, சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கலாம். எல்லாருக்கும் இருக்காது. புதரில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால், நிலவேம்புக் குடிநீர் குடித்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளைவரை பாதிக்கும்.

எல்லாமே களையா?

அப்படியும் இல்லை. அந்த மனையிலேயே குப்பைமேனி இருக்கும், துத்தி இருக்கும், நாயுருவி இருக்கும், வேலியில் முடக்கத்தான் படர்ந்திருக்கும். இவை நம் மருந்துச் செடிகள். ஊமத்தை, எருக்கு, குன்றிமணிக் கொடியும் இருக்கும். இவை மருந்தானாலும் குழந்தை கையில் கிடைத்தால் விஷம். ஆகவே மொத்தமாகக் களைக்கொல்லி அடிப்பதும் தப்பு, மொத்தமாக விட்டுவிடுவதும் தப்பு. சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி அடித்த இடத்திலும் மூலிகை பறிக்கவே கூடாது.

எப்படிப் பிடுங்குவது?

முளைத்து ஒன்றரை மாதத்துக்குள்ளேயே பார்த்தீனியம் பூத்துவிடும். மழை பெய்த மூன்றாவது வாரத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடத் துணி கட்டாயம். ஏற்கனவே அரிப்போ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவையுங்கள்.

பூக்காத செடியைக் குழியில் போட்டு மண் மூடினால் உரமாகிவிடும். எரிக்காதீர்கள், புகை மூச்சுக்கு ஆகாது. வெட்டிப் போட்டுக் காயவும் விடாதீர்கள். அந்தத் தூள்தான் காற்றில் வரும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி முளைக்கும். ஆவாரை விதையோ தகரை விதையோ தூவி வையுங்கள். அவை நெருங்கி வளர்ந்து பார்த்தீனியத்துக்கு இடம் கொடுக்காது. 1984-ல் பெங்களூரில் முதன்முதலாக விடப்பட்ட மெக்சிகோ வண்டு ஒன்றும் இதன் இலையைத் தின்கிறது. ஆனால் வண்டை மட்டும் நம்பி இருக்க முடியாது.

யாரிடம் சொல்வது?

அடுத்தவர் மனையில் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். முதலில் நல்லபடியாகப் பேசுங்கள். "அண்ணாச்சி, இது பூக்கதுக்கு முந்தி ஆள் விட்டுப் பிடுங்கிருவோமா? கூலியில பாதி நான் தாரேன்" என்று கேட்டால் மாட்டேன் என்பவர் குறைவு. வெளியூரில் இருந்தால் செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள். "செடி வளர்ந்திருக்கு" என்று மட்டும் சொல்லாமல், "இதனால வீட்டுல குழந்தைக்கு இரைக்குது" என்று சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் மனம் இளகும்.

கேட்கவில்லையா? தெருக்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கால்வாய்க் கரை என்றால் நீர்வளத் துறைக்கு. மனுவில் தேதி, படம், மருத்துவர் சீட்டின் நகல் இருக்கட்டும். பொதுமக்கள் உடல்நலத்துக்குக் கேடான தொல்லையை அகற்றச் சொல்லும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது கடைசி வழி.

இன்றைக்குச் சாயங்காலமே மாடியில் ஏறி நாலு பக்கமும் பாருங்கள். வெள்ளைப் பூ தெரிகிறதா? அப்படியென்றால் இந்தத் தடவை தாமதமாகிவிட்டது. பூத்த செடியை உலுக்காமல் சாக்குப் பையில் கட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு மூன்றாவது வாரம் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். முளையிலேயே கிள்ளினால் அரை நாள் கூலியோடு போகும். விட்டால் வருஷம் முழுக்க மருந்துச் செலவு!