2 அடி செடித் தொட்டிக்கு எந்த மீன் சரி? கடைக்குப் போகும் முன் இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை மாலை. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சி இது. புதுக் கண்ணாடித் தொட்டி, ஒரு பை மண், நாலைந்து செடிகள், எல்.இ.டி. லைட். கூடவே பாலித்தீன் பைகளில் 10 நியான் டெட்ரா, ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ், 'தொட்டியை க்ளீன் பண்ணும்' என்று ஒரு சக்கர் மீன். எல்லாமே ஒரே நாளில் வீட்டுக்குப் போகின்றன.

பத்தே நாளில் பாதி மீன்கள் செத்து மிதக்கின்றன. 'திருஷ்டி கழிஞ்சுது' என்கிறார் வீட்டில் ஒருவர். 'நமக்கு மீன் ராசி இல்ல' என்கிறார் இன்னொருவர். தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

கோளாறு ராசியில் இல்லை. தண்ணீர், வெயில், தொட்டியின் அளவு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுக் கடைசியாக வாங்க வேண்டியது மீன். அதை முதல் நாளே வாங்குவதுதான் பிரச்சினை.

மீன் விட ஒரு மாதம் ஏன் காத்திருக்கணும்?

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் மீனின் செவுளை அது அரித்துவிடும்.

பழகிய தொட்டியில் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். செடிகள் இவற்றை உரமாக எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

எனவே முதலில் செடிகளை நட்டு, ஃபில்டரை ஓட விடுங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வாலிஸ்னேரியா போன்றவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி ரெடி. நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் தயாராகும்.

உங்க வீட்டுத் தண்ணி எப்படி?

சென்னையில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடின நீர், பி.எச். அளவும் 7-க்கு மேலே இருக்கும். கப்பி, பிளாட்டி மீன்களுக்கு இது பிடிக்கும். நியான் டெட்ராவின் பூர்வீகம் அமேசான் படுகையின் மென்மையான, லேசான அமிலத் தன்மையுள்ள நீர். இங்கே ஒரு சிக்கலும் உண்டு: பி.எச். அளவும் சூடும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா கூடுதல் விஷமாகிவிடும்.

'அப்போ சுத்தமான கேன் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாமே?' வேண்டாம். ஆர்.ஓ. நீரில் தாதுக்கள் மிகக் குறைவு. அதை மட்டும் ஊற்றினால் பி.எச். நிலையாக நிற்காது. குளோரின் கலந்த குழாய் நீர் என்றால், ஆன்டி குளோரின் சொட்டு விட்டுப் பயன்படுத்துங்கள்.

மே மாசத்தைத் தாங்குமா?

ஆபீஸ் போகும்போது வீட்டைப் பூட்டி, ஏ.சி.யை அணைத்துவிடுகிறோம். கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது இதனால்தான்.

26 டிகிரிக்குள் நிம்மதியாக இருக்கும் நியான் டெட்ரா இதில் திணறிவிடும். ஃபைட்டர் எனப்படும் பெட்டா, கௌராமி வகைகள் மேற்பரப்புக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியவை என்பதால் ஓரளவு சமாளிக்கும். தொட்டியின் மேல் சின்ன கிளிப் ஃபேன் வைத்தால் 2 டிகிரி அளவுக்குச் சூடு இறங்கும். ஆவியாகும் நீரை மட்டும் அவ்வப்போது ஈடுகட்ட வேண்டும்.

சரி, எதை வாங்கலாம்?

60×30×30 செ.மீ. தொட்டி 54 லிட்டர் கொள்ளும். மண், கல், மேலே விடும் இடைவெளி போக நிற்பது சுமார் 45 லிட்டர்தான். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் கலக்காதீர்கள்.

* கடின நீர் என்றால்: 6 முதல் 8 ஆண் கப்பிகள். பெண் கப்பி ஒன்று வந்தாலும் போதும், மாதாமாதம் குட்டி போடும். ஒருமுறை இணை சேர்ந்தால் பல மாதங்களுக்கு விந்தைச் சேமித்து வைத்திருக்கும்.
* கொஞ்சம் மென்மையான நீர் என்றால்: ஒரு ஜோடி ஹனி கௌராமி, 8 ஹார்லிகுயின் ரஸ்போரா. ஹனி கௌராமி வடகிழக்கு இந்தியா, வங்கதேசத்து மீன், 5 செ.மீ. அளவுதான் வளரும். ரஸ்போரா கூட்டமாக இருந்தால்தான் பயமில்லாமல் நீந்தும்.
* தொட்டி இன்னும் சிறியது என்றால்: 20 லிட்டரில் ஒரே ஒரு ஃபைட்டர். அதோடு கப்பியைச் சேர்க்க வேண்டாம். அகன்ற வாலைப் பார்த்து, இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துத் தாக்கலாம்.

கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம்

* கோல்டு ஃபிஷ்: 15 செ.மீ.யைத் தாண்டி வளரும். கழிவு அதிகம், செடியையும் கொறித்துப் பிடுங்கும்.
* சக்கர்: ஒரு அடிக்கு மேல் வளரும். தென் அமெரிக்க மீனான இது, தொட்டிகளிலிருந்து வெளியே விடப்பட்டு நம் ஊர் நீர்நிலைகளிலும் பரவிவிட்டது.
* 'ஷார்க்': இந்தப் பெயரில் விற்கப்படும் குட்டிகளில் ஒன்று பங்காசியஸ். ஹோட்டலில் 'பாசா' என்று தட்டில் வருவதும் பெரும்பாலும் இதே மீன்தான். 3 அடியைத் தாண்டி வளரக்கூடியது.
* ஏஞ்சல்: வளர்ந்த பிறகு, கூடவே நீந்தும் குட்டி மீன்களை விழுங்கிவிடும்.
* மிஸ் கேரளா: மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன். அழிவு அபாயத்தில் உள்ளதாக ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கூட்டமாக நீந்த 4 அடித் தொட்டியாவது வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடையில் அதே தொட்டியில் செத்த மீனோ, உடம்பில் வெள்ளைப் புள்ளி உள்ள மீனோ இருந்தால் வாங்காதீர்கள். பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். முதலில் பாதி மீன்கள், 2 வாரம் கழித்து மீதி. தினமும் ஒரு வேளை, 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத் தீனி. வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். வளர்க்க முடியாமல் போனால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள்.

முதல் ஒரு மாதம் தொட்டியில் செடிகள் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு வருபவர்கள் 'மீன் எங்கப்பா?' என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.