‘கேம்தான் காரணம்’ என்று எழுதுவதற்கு முன்

"டீச்சர், அந்தக் கேம்தான் இவன இப்படி ஆக்கிடுச்சு." கட்டொழுங்கு அறையில் உட்கார்ந்து ஒரு தாய் அழுதுகொண்டே சொன்னது இது. பையன் ஐந்தாம் ஆண்டு. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை வரிசையில் நின்ற இன்னொரு பையனைத் தள்ளிவிட்டு, விழுந்தவனை உதைத்தும் விட்டான். ஏன்டா என்று கேட்டால், "ஃபிரீ ஃபயர்ல இப்படித்தான் டீச்சர்" என்று பதில் வேறு. நானும் பதிவுப் புத்தகத்தில் ‘காரணம்: கைப்பேசி விளையாட்டு’ என்று எழுதிக் கையொப்பம் போட்டேன். ஐந்து நிமிடத்தில் விசாரணை முடிந்தது. அந்த ஐந்து நிமிடம் பிறகு என்னை உறுத்தியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பினாங்கில் இந்தப் பேச்சு புதிதல்ல. பெ.ஆ.ச. கூட்டம் எதுவானாலும் யாராவது ஒருவர் எழுந்து கைப்பேசி விளையாட்டைத் தடை செய்யச் சொல்வார். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 51 பேர் உயிரிழந்தார்கள். அதையடுத்து, பப்ஜி விளையாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று நெகிரி செம்பிலான் முஃப்தி கேட்டுக்கொண்டார். நம் அரசாங்கம் தடை செய்யவில்லை. இந்தியாவில் குஜராத்தின் ராஜ்கோட் போலீஸ் அதே மாதம் தடை போட்டு, விளையாடிய இளைஞர்களைக் கைதே செய்தது. ஜூன் மாதம் ஆச்சே மாநில உலமா மன்றம் அது ஹராம் என்று அறிவித்தது. 2020 செப்டம்பரில் இந்தியா முழுவதும் பப்ஜி தடையானது உண்மைதான். ஆனால் அதற்குச் சொன்ன காரணம் வன்முறை இல்லை, தேசப் பாதுகாப்பும் பயனர் தரவும். தடையான 118 செயலிகளில் ஒன்றாகப் போனது. பலருக்கு இது கலந்து குழம்பி, "இந்தியாவே தடை பண்ணிடுச்சே சார்" என்பார்கள்.

கிறைஸ்ட்சர்ச் கொலையாளி விட்டுச் சென்ற எழுத்தில், வீடியோ கேம்தான் தனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என்று ஓரிடத்தில் வருகிறது. அது கிண்டல். அப்படித்தான் எல்லாரும் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தே எழுதியது. நியூசிலாந்தின் அரச ஆணையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை அவனுடைய சிறுவயதையும் ஆராய்ந்தது. படுக்கையறையில் கணினி, கண்காணிக்க ஆளில்லாத இணையம், சிறு வயது முதலே இணைய விளையாட்டு. விளையாடும்போதே இனவெறிக் கருத்துகளை வெளிப்படையாகப் பேசியிருக்கிறான். அவனுக்கு முக்கியமான தூண்டுதலாக ஆணையம் சொன்னது யூடியூபை. எனக்கு இதில் கவனிக்கத் தோன்றுவது திரையில் சுடும் துப்பாக்கி அல்ல. விளையாட்டு நேரத்தில் காதில் மாட்டிய ஹெட்போன் வழியாக யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்பதுதான்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இரண்டு பக்கமும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்வதும் தவறு. 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 24 ஆய்வுகளைச் சேர்த்தது, 9 முதல் 19 வயது வரை 17,000-க்கும் மேற்பட்டவர்கள். வன்முறை விளையாட்டு ஆடுகிறவர்களிடம் காலப்போக்கில் உடல்ரீதியான சண்டைக் குணம் கொஞ்சம் கூடுகிறது என்று கண்டது. எவ்வளவு கொஞ்சம்? மற்ற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகு 0.08. நம் கணித மொழியில் சொன்னால், மாணவருக்கு மாணவர் காணும் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட அதனால் விளங்குவதில்லை. அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரிசிபில்ஸ்கியும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் வெய்ன்ஸ்டைனும் 14, 15 வயது பிரிட்டன் பிள்ளைகள் 1,004 பேரையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டார்கள். எதைத் தேடப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத் தேடினார்கள். தொடர்பு கிடைக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தன் தீர்மானத்தைத் திருத்தி எழுதியது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு, ஆனால் கொடிய வன்முறைக்கு இதைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை.

ஆய்வுகள் ஏன் முட்டிக்கொள்கின்றன என்றால், ‘சண்டைக் குணம்’ என்பதை அளப்பதே சிரமம். ஆய்வுக்கூடத்தில் ஒருவரைச் சிறிது நேரம் விளையாட விட்டு, பிறகு கண்ணுக்குத் தெரியாத எதிராளிக்கு எவ்வளவு சத்தமான ஒலியைத் தண்டனையாகக் கொடுக்கிறார் என்று பார்ப்பார்கள். இன்னொரு சோதனையில், காரம் பிடிக்காதவர் என்று சொல்லி ஒருவருக்கு எவ்வளவு மிளகாய் சாஸ் ஊற்றுகிறார் என்று அளப்பார்கள். நாசி கண்டார் கடையில் குழம்பை ‘பஞ்சிர்’ ஆக ஊற்றச் சொல்லிச் சாப்பிடும் ஊர்க்காரர்கள் நாம். இங்கே அந்தச் சோதனை வைத்தால் அது கோபமா, உபசாரமா என்று யாருக்குத் தெரியும்!

இன்னொரு பொறியும் உண்டு. அமெரிக்காவில் 2018-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, பதின்ம வயதுப் பையன்களில் 97 விழுக்காட்டினர் வீடியோ கேம் விளையாடுவதாகச் சொன்னார்கள். அப்படியானால் எந்தக் குற்றம் செய்த பையனைப் பிடித்தாலும் அவன் கைப்பேசியில் ஒரு கேம் இருக்கும். காலையில் சோறு சாப்பிட்டானா என்று கேட்டால் அதற்கும் ‘ஆமாம்’ என்றுதான் வரும்.

நான் எல்லா ஆசிரியரும் படிக்க வேண்டும் என்று நினைக்கும் அறிக்கை இதையெல்லாம்விடப் பழையது. அமெரிக்க இரகசியச் சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை அந்நாட்டுப் பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்தன. தாக்கியவர்கள் 41 பேர். வன்முறை வீடியோ கேமில் ஆர்வம் காட்டியவர்கள் 12 விழுக்காடு, அதாவது ஐந்து பேர். அந்தக் காலத்தில் கேம் குறைவு என்று நீங்கள் சொல்லலாம், அது நியாயம்தான். ஆனால் மற்ற எண்களைப் பாருங்கள். தாங்களே எழுதிய கவிதை, கட்டுரை, நாட்குறிப்பில் வன்முறையைக் காட்டியவர்கள் 37 விழுக்காடு. பகடிவதைக்கோ துன்புறுத்தலுக்கோ ஆளானதாக உணர்ந்தவர்கள் 71 விழுக்காடு. 81 விழுக்காடு சம்பவங்களில், குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே விஷயம் தெரிந்திருந்தது. பெரும்பாலும் அது ஒரு நண்பனோ வகுப்புத் தோழனோதான்.

2025 அக்டோபர் 14 அன்று பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப்பள்ளி மாணவி கத்திக்குத்தில் இறந்தபோது நாடே அதிர்ந்தது. 16 வயதுப் பிள்ளை. 14 வயது மாணவன் மீது குற்றம் சாட்டப்பட்டது. அதன் காரணத்தை நாம் ஊகிப்பது முறையல்ல. ஆனால் அந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையிலும் பேச்சு உடனே கைப்பேசிக்கும் கேமுக்கும்தான் போனது. பகடிவதையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நானும்தான்.

இதற்காகக் கேமை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. ஜி.டி.ஏ. 5 ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டு. அதைப் பத்து வயதுப் பிள்ளை ஆடுவதை நான் ஏற்கமாட்டேன். விடியற்காலை இரண்டு மணி வரை முழித்திருந்துவிட்டு வரும் மாணவன் சிடுசிடுவென்று இருப்பதற்குத் தூக்கமின்மையே போதும், திரையில் தலை உருள வேண்டியதில்லை. ஆகவே பெற்றோரிடம் ‘என்ன கேம்?’ என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்குத் தூங்குகிறான், யாரோடு சேர்ந்து ஆடுகிறான், தெரியாதவர்கள் பேசுகிறார்களா, வீட்டில் அடி உண்டா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை மெதுவாக, தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளையிடம் கேட்பது இன்னும் எளிது. ‘யார் உன்னை என்ன பண்ணாங்க?’ அவ்வளவுதான்.

அந்தப் பையனிடம் நான் இதைக் கேட்டது மூன்று வாரம் கழித்து. சிற்றுண்டிச்சாலை வரிசையில் மாதக்கணக்காக அவன் காசைப் பிடுங்கிக்கொண்டிருந்தது அன்று உதை வாங்கிய பையன்தான். "கேம்னு சொன்னா நீங்க வேற எதுவும் கேக்க மாட்டீங்கன்னு தெரியும் டீச்சர்" என்றான்.

வீட்டுக்குப் போய் அவனுடைய கட்டுரைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ‘என் ஆசை’ என்ற தலைப்பு. நான் பெரியவனானால் யாரும் என் காசை எடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறான். ‘முடியாது’ என்பதில் ஒரு கால் விட்டுப் போயிருந்தது. அதைச் சிவப்பு மையில் நான் திருத்தியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சரி அடையாளம்.

பதிவுப் புத்தகத்தில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது விதி. அதனால் பழைய வரிக்குக் கீழே தேதி போட்டு இன்னொரு வரி சேர்த்தேன்.