பனிமலையும் பல்கலைக்கழகமும்

கல்வி தேடிப் பயணம் செய்வதை இஸ்லாம் போற்றுகிறது. பனிச்சறுக்கில் பற்றுக்கொண்ட மாணவர் ஒருவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்திற்கு மாற விழைந்தால், அதனை நாம் பழிக்க வேண்டுவதில்லை. 1669இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தை ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்துள்ளன. 1964, 1976ஆம் ஆண்டுகளின் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அந்நகரிலேயே நடைபெற்றன. அம்மலைகள் விளையாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. அண்டக்கதிர்களைக் கண்டறிந்தமைக்காக 1936இல் நோபல் பரிசு பெற்ற விக்டர் ஹெஸ், அங்குப் பேராசிரியராயிருந்தபோது ஹாஃபெலேகார் மலையில் ஆய்வுநிலையம் அமைத்தார்.

எனினும், மாறுவோர் முதலில் வினவ வேண்டுவது பனியின் ஆழத்தையன்று. முன்பு தேறிய பாடங்களுள் எவை ஏற்கப்படும் என்பதையே. ஐரோப்பிய முறையில் ஓராண்டுப் படிப்பு 60 மதிப்பலகுகளாகும். அவற்றுள் 30 தள்ளப்படின் அரையாண்டு உழைப்பு வீணாகும். ஏற்பினை எழுத்தில் பெற்ற பின்னரே பயணப்படுதல் நலம் என்போம்.