அடைக்கோழியை ஏன் விரட்ட வேண்டும்?

போடிநாயக்கனூர், சிலமலைப் பக்கத்து வீடுகளில் கோழி அடைக்கு உட்கார்ந்தால், முட்டை நின்றுபோச்சே என்று தண்ணீரில் முக்கி எடுப்பது சரியா? அடைகாக்கும் குணம் நோயல்ல. புரோலாக்டின் ஹார்மோன் ஏற, முட்டையிடுவது நிற்கிறது. அடிவயிற்று இறகு உதிர்ந்து வெறுந்தோல் முட்டையில் படுகிறது. அந்தச் சூட்டில்தான் 21 நாளில் குஞ்சு பொரிகிறது. கரண்ட் போனால் இன்குபேட்டர் முழிக்கும். நாட்டினமான சிறுவிடைக் கோழிக்கு அந்தக் கவலை இல்லை. முட்டைக்கென்றே வளர்க்கும் லெகார்னில் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டினார்கள். அது பண்ணைக் கணக்கு. புறக்கடையில் குஞ்சும் வரவுதானே!

சேவல் இல்லாத வீட்டில் என்ன செய்வது? நியாயமான கேள்வி. கரு கூடாத முட்டை பொரியாது. அக்கம்பக்கத்தில் கருமுட்டை வாங்கி வைக்கலாம். வேண்டாமென்றால், அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் தீனி, தண்ணீரோடு சில நாள் விட்டாலே வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளியும்.