உமரிச் செடியும் மூன்று மொழிகளும்

குட்டீஸ்! மரக்காணம் உப்பளப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே உவர்மண்ணில் இலையே தெரியாமல் தண்டு தண்டாக நிற்குமே, அதுதான் உமரிச் செடி.

ஆங்கிலத்தில் இது 'கிளாஸ்வொர்ட்'. அதாவது கண்ணாடிப் பூண்டு! ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இந்த இனச் செடிகளை எரித்த சாம்பலைச் சேர்த்துக் கண்ணாடி செய்தார்கள். ஜெர்மன் மொழியிலோ 'குவெல்லர்'. உப்பிப் பருப்பது என்று பொருள். தண்டைத் தொட்டுப் பாருங்கள், பொருத்தமான பெயர்தான்!

ஜெர்மன் பேசும் ஒருவர் நம் ஊர்ச் செடிகளின் பெயர்களை எப்படிக் கற்பார்? யோஹான் பீட்டர் ரோட்லர் கற்றார். 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர் இவர். தமிழ் படித்தார், செடிகளைச் சேகரித்து உலர்த்தினார். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த வழியில் கண்ட தாவரங்களைப் பற்றி இவர் எழுதிய குறிப்புகள் 1803-ல் பெர்லினில் அச்சாயின. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் மரக்காணம் இருக்கிறது.

பிறகு தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்க உட்கார்ந்தார். இரண்டுமே அவருக்குத் தாய்மொழி இல்லை, தெரியுமா? முதல் பகுதி 1834-ல் வெளிவந்தது. 1836-ல், 86 வயதில் காலமானார். மீதியை மற்றவர்கள் 1841-ல் முடித்தார்கள். அவர் உலர்த்திய செடிகளோ லண்டன் கியூ தோட்டத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.