நிழலுக்கும் அளவு உண்டு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒரு தே சொல்லிவிட்டு உட்காருங்கள். கட்டடக்கலை மாணவருக்குப் பென்சிலால் நிழல் தீட்டக் கற்றுத்தர, பக்கத்திலிருக்கும் பஃபலோ ரோட்டுக் கடைவீடுகளே போதும்.

முதலில் அஞ்சடியைப் பாருங்கள். வீடுகளின் முன்னால் இந்தக் கூரையிட்ட நடைவழி தொடர்ந்து ஓட வேண்டும் என்பது 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் விதி. மேல்மாடி முன்னுக்கு நிற்கும். கீழ்ச்சுவர் சுமார் ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளியிருக்கும். முகப்பை வெறும் கோடுகளாக வரைந்தால் இந்த ஆழம் தெரியாது. அதைக் காட்டத்தான் நிழல்.

வெயில் இடது தோளுக்கு மேலிருந்து 45 பாகையில் சரிந்து விழுவதாக வைத்துக்கொள்வது வரைபட மரபு. அப்போது சுவர் எவ்வளவு உள்ளே இருக்கிறதோ, நிழலும் அவ்வளவு கீழே இறங்கும். ஒன்றரை மீட்டர் என்றால், 1:50 அளவில் 3 செ.மீ. நிழலை அளந்தாலே ஆழம் கிடைத்துவிடும். நிஜ வெயில் இப்படி விழாது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் பிற்பகல் ஒரு மணிவாக்கில் நம் நிழல் நம் காலடியிலேயே கிடக்கும். 45 பாகை என்பது அளப்பதற்காக எல்லாரும் ஒப்புக்கொண்ட வெயில்.

எல்லை கண்டாயிற்று, இனி அடர்த்தி. மாணவர்கள் 6பி பென்சிலை எடுத்து அஞ்சடி முழுவதையும் கருப்பாக்கிவிடுவார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். சாலையிலும் தரையிலும் பட்ட வெளிச்சம் எகிறி விட்டத்தில் தெரியும். நிழல் அதன் ஓரத்தில் அழுத்தமாகவும் உள்ளே போகப்போக இளகியும் இருக்கும். ஆகவே அழுத்தித் தேய்க்கக் கூடாது. எச்பியால் ஒரே சாய்வில் நெருக்கமாகக் கோடுகள். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் 2பியால் குறுக்கே இன்னொரு அடுக்கு.

அடுத்த பாடம் கெர்பாவ் ரோட்டில், 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு. பலகைக்குப் பலகை வேறு நிறம். அடர்ந்த நிறத்தை நிழலென்று எண்ணி ஏமாறுவார்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் தனித்தனியாகப் பிரியும்.

இப்போது கணினியே நிழலைப் போட்டுத் தந்துவிடுகிறது. ஆனாலும் அந்த 3 செ.மீ.யைத் தன் கையால் இறக்கிய மாணவர்தான், நாளை ஒரு தாழ்வாரத்துக்கு அகலம் குறிக்கும்போது, வெயில் எதுவரை உள்ளே வரும் என்று முதலில் கணக்குப் போடுவார்.