கடவுள் வீட்டு வாசலில் கட்டணச் சீட்டு

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போய்வந்த நம் சங்க அன்பர்கள் பலர், திரும்பியதும் தவறாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு. "சர்ச்சுக்குள் நுழையவும் காசு கேட்கிறார்கள், சார்!" என்பதே அது. வேளாங்கண்ணியிலும் சாந்தோமிலும் யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே போய்ப் பழகிய நமக்கு இது உறுத்தத்தான் செய்யும். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயைச் சுற்றிப் பார்க்க இன்று பெரியவர் ஒருவருக்கு 30 பவுண்டை ஒட்டிக் கட்டணம். செயின்ட் பால்ஸ் பேராலயத்திற்கு 25 பவுண்டுக்கு மேல். கணவனும் மனைவியுமாகப் போனால் அபேக்கு மட்டுமே ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும்.

இந்தக் கட்டணம் எப்படி வந்தது, எங்கே இல்லை, வாங்குவது முறைதானா என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வழிபாட்டிற்கு வருபவரிடம் எந்தப் பேராலயமும் கட்டணம் கேட்பதில்லை. சுற்றிப் பார்க்க வருபவருக்குத்தான் சீட்டு. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபைக்கு உள்ள 42 பேராலயங்களில் சிலவற்றில்தான் கட்டாயக் கட்டணம். மற்றவற்றில் வாசலில் உண்டியல் இருக்கும். மனமுவந்து போடுவதைப் போடலாம்.

இது புதிய வழக்கமும் அன்று. 18-ஆம் நூற்றாண்டிலேயே செயின்ட் பால்ஸ் ஆலயத்தைப் பார்க்க வருபவர்களிடம் சில்லறை வாங்கியிருக்கிறார்கள். பிற்பாடு அது நின்று, 1991-இல் மீண்டும் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முன்பு அரசர்களின் கல்லறைப் பகுதிக்கு மட்டும் இருந்த கட்டணம், 1998 முதல் முழு ஆலயத்திற்கும் ஆயிற்று. யார்க் நகரின் மின்ஸ்டர் ஆலயம் 2003-இல் கட்டணம் விதித்தது.

யார்க் நகரில் வேடிக்கை ஒன்று உண்டு. அங்கே தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடி, நீராவி எஞ்சின்களில் உலகச் சாதனை படைத்த 'மல்லார்ட்' அங்கேதான் நிற்கிறது. அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஆலயத்திற்கு 20 பவுண்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும். "எஞ்சினைப் பார்க்க இலவசம், சாமியைப் பார்க்கக் காசா?" என்று என் துணைவியார் கேட்டார். கேள்வி நியாயமானது. விடையும் எளிது. அருங்காட்சியகத்திற்கு அரசு பணம் தருகிறது. 2001 முதல் அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம். ஆலயத்தின் அன்றாடச் செலவுக்கு அப்படித் தருபவர் யாரும் இல்லை. ஆக, காசு எங்கேயும் செலவாகத்தான் செய்கிறது. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ரயில்வேயில் பாலங்களையும் கட்டடங்களையும் பராமரிக்கும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு கட்டடத்தைக் கட்டுவது ஒரு முறை, காப்பாற்றுவது என்றென்றும். திறப்பு விழாவுக்குப் பணம் கொடுக்க நூறு பேர் வருவார்கள். மழைநீர்க் குழாய் அடைப்பை எடுக்கப் பணம் கேட்டால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

யார்க் ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் நடந்த ஆய்வில், சுமார் 16,000 டன் எடையுள்ள அதன் நடுக்கோபுரம் அடித்தளம் தாங்காமல் சரியக்கூடிய நிலையில் இருப்பது தெரியவந்தது. பழைய அடித்தளத்தைச் சுற்றிலும் கான்கிரீட் கொடுத்து, எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டினார்கள். 1972-இல் அந்த வேலை முடிந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1984 ஜூலை 9 அதிகாலையில் தெற்குப் பகுதிக் கூரை தீப்பற்றி விழுந்தது. மின்னல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அதைச் சீரமைத்து முடிக்க 1988 ஆயிற்று.

வின்செஸ்டர் பேராலயத்தின் கதை இன்னும் வியப்பானது. சதுப்பு நிலத்தில் எழுந்த அந்த ஆலயம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதையத் தொடங்கியது. சுரங்க ரயில் பாதைப் பணிகளில் பெயர்பெற்ற பொறியாளர் பிரான்சிஸ் பாக்ஸ் அழைக்கப்பட்டார். அடித்தளத்திற்காகத் தோண்டிய குழிகளில் நீர் நிரம்பிவிட்டது. நீரை இறைத்தாலோ சுவர் இறங்கிவிடும். ஆகவே வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவரை இறக்கினார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டு நீரில், 1906 முதல் 1911 வரை, சுமார் 25,000 கான்கிரீட் மூட்டைகளைக் கையால் தடவித் தடவி அடுக்கினார் அவர். ஆலயம் இன்றும் நிற்கிறது. அங்கும் இப்போது கட்டணம் உண்டு. அந்தக் கதை தெரிந்த பிறகு கட்டணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பழங்காலத்தில் இந்தச் செலவை யார் ஏற்றார்கள்? 1666-இல் லண்டனை எரித்த பெருந்தீக்குப் பின், கிறிஸ்டபர் ரென் செயின்ட் பால்ஸ் ஆலயத்தைப் புதிதாகக் கட்டினார். அதற்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி, லண்டன் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரி மீது போட்ட வரியிலிருந்து வந்தது. அதாவது, குளிர்காய அடுப்பு மூட்டிய ஒவ்வொரு குடும்பமும் கோபுரத்திற்குப் பணம் கொடுத்தது. இன்று அப்படி வரி இல்லை. கொடுப்பது சுற்றுலாப் பயணி.

பிரான்ஸ் வேறு வழியில் போயிற்று. அங்கே அரசையும் சமயத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழைய பேராலயங்கள் அரசின் உடைமை. வழிபாட்டு உரிமை திருச்சபைக்கு; கட்டடத்தைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு. உள்ளே வர யாரிடமும் கட்டணம் வாங்கக்கூடாது என்பதும் அந்தச் சட்டமே. 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி பாரிஸ் நோத்ர தாம் எரிந்தபோது 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறந்தது. அதற்குச் சற்று முன், அக்டோபரில், பண்பாட்டுத் துறை அமைச்சர் ரஷிதா தாத்தி, சுற்றுலாப் பயணிகளிடம் தலைக்கு 5 யூரோ வாங்கி நாட்டின் மற்றப் பழைய ஆலயங்களைப் பழுதுபார்க்கலாம் என்றார். திருச்சபை ஏற்கவில்லை. வருபவரில் யார் பக்தர், யார் பார்வையாளர் என்று வாசலில் பிரிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். பார்க்க வந்தவர் உள்ளே நின்று பிரார்த்திக்கத் தொடங்கினால் அவரை எந்த வரிசையில் சேர்ப்பது?

இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. கட்டணத்தின் உண்மையான தீமை காசு அல்ல. "நீங்கள் எதற்கு வந்தீர்கள்?" என்று வாசலில் ஒருவர் கேட்பதுதான். மனம் நொந்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுப் போக வந்த ஏழை, அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டால் அந்த ஆலயம் எதற்கு? 900 ஆண்டு பழைமையான டர்ஹாம் பேராலயம் இதனால்தான் போலும், நன்கொடை மட்டும் கேட்டு இன்றும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. கட்டணத்தையே நம்பியவர்களுக்கு வேறு ஆபத்தும் உண்டு. 2020-இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது அத்தகைய ஆலயங்களில் ஆட்குறைப்பு வரை போயிற்று.

நம் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு விந்தை புலப்படும். தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் காப்பில் இருந்தும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே பூசை நடக்கிறது. பூசை இல்லாத மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குச் சீட்டு உண்டு. இதுவரை ஆங்கிலேயர் வகுத்த நியாயமும் நம் நியாயமும் ஒன்றே. ஆனால் நம் பெரிய கோயில்கள் பலவற்றில் சிறப்பு தரிசனத்திற்குக் கட்டணம் வாங்குகிறோமே, அது யாரிடம்? பக்தரிடம்! அங்கே வேடிக்கை பார்ப்பவர் காசு கொடுக்கிறார், கும்பிடுபவர் இலவசமாகப் போகிறார். அவர்களைக் குறை சொல்லுமுன் இதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் கருத்து இதுதான். அரசோ சபையோ செலவை ஏற்காத இடத்தில், பார்க்க வருபவரிடம் கட்டணம் வாங்குவது தவறில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். பிரார்த்தனைக்கென ஒரு வாசல், கேள்வி கேட்காமல், நாள் முழுதும் திறந்திருக்க வேண்டும். வாங்கிய பணம் கூரைக்கும் சுவருக்கும் எவ்வளவு போயிற்று என்பதை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். உள்ளூர் மக்களிடம் வாங்கக்கூடாது. கோயில் முதலில் அவர்களுடையது.

போகவிருக்கும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. பெரும்பாலான நாட்களில் மாலை ஐந்து, ஐந்தரை மணி அளவில் இந்தப் பேராலயங்களில் 'ஈவன்சாங்' என்னும் மாலை வழிபாடு நடக்கும். எந்த மதத்தவரும் போகலாம், கட்டணமில்லை. நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, சற்று முன்னதாகவே போய் அமைதியாக அமருங்கள். பாடகர் குழுவின் குரல் அந்தக் கல் வளைவுகளில் ஏறி இறங்குவதைக் கேட்கலாம். அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதை அப்போதுதான் காண்பீர்கள். வெளியே வரும்போது உண்டியலில் இயன்றதைப் போடுங்கள். கூரை ஒழுகாமல் இருக்க அதுவும் உதவும்.